இருபது அடி தூரத் தபால்

பிர்கெட் கால்நடை மருத்துவமனை
முற்றத்தின் கிழக்குக் கட்டடம்
ஹார்த்வெயிட், கம்பிரியா
ஜனவரி 8, 2024

முற்றத்தின் மேற்குக் கட்டடத்தில் இருக்கும் திரு. ரால்ஃப் பிர்கெட் அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்து சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நீங்களும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். வேலை விஷயமாக எழுதுகிறேன்.

என் வலது தோள் போய்விட்டது. கார்லைல் நகர மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தக் கையை எந்த மாட்டுக்குள்ளயும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டார். முப்பத்தாறு வருஷமாக நான் வேறு என்ன செய்திருக்கிறேன் என்று அவரிடமே கேட்டேன். "தெரியலையே" என்றார். ஏப்ரலில் ஆடுகள் குட்டி போட ஆரம்பிக்கும். நாற்பத்திரண்டு பண்ணைகள். மிச்சம் இருப்பது ஒரு கை, அதுவும் இடது கை.

ஒன்றரை வருஷமாக விளம்பரம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு பையன் நேர்காணலுக்கு வந்தான். காரிலிருந்து இறங்கினான், மழையைப் பார்த்தான், திரும்ப ஏறிப் போய்விட்டான்.

நெரேயாவை நினைவிருக்கும். 2018 கோடையில் ஸ்பெயினிலிருந்து பயிற்சிக்கு வந்தாளே, சின்னக் கை, பெரிய சிரிப்பு. இப்போது முழு மருத்துவர். கேட்டேன், வருகிறேன் என்கிறாள். அயர்லாந்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள், மார்ச் 15க்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். ஸ்பெயின் மாதிரியே அயர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியம், அங்கே போக அவளுக்கு விசா வேண்டாம். இங்கே வர வேண்டுமானால் முதலில் நாம் ஸ்பான்சர் உரிமம் வாங்க வேண்டும். அதாவது, வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ள நாம் யோக்கியமானவர்கள்தான் என்று உள்துறை அமைச்சகம் நம்மைச் சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய விசா அதற்கப்புறம்தான்.

உரிமம் கிடைக்காவிட்டால் நெரேயா இல்லை. நெரேயா இல்லாவிட்டால் மருத்துவமனையை விற்க வேண்டியதுதான். ஊர் ஊராகக் கால்நடை மருத்துவமனைகளை வாங்கிப் போடும் அந்தக் கம்பெனிக்காரன் மூன்றாவது பழக்கூடையும் அனுப்பிவிட்டான். பேரிக்காயை ஆட்டுக்குப் போட்டேன்.

விண்ணப்பத்தில் ஒரு "பொறுப்பு அதிகாரி" பெயர் கேட்கிறார்கள். நிறுவனத்தில் மூத்தவராக இருக்க வேண்டுமாம். அது நான். இணைத்திருக்கும் தாளில் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

ஹெஸ்டர் பிர்கெட்

பி.கு.: டிசம்பர் 29 அன்று நீங்கள் கதவைத் திறந்தது 8.52க்கு. பலகையில் 8.30 என்று இருக்கிறது. ஒரு பூனைக்காரி வெளியே நனைந்துகொண்டு நின்றாள். குறித்து வைத்திருக்கிறேன்.


மேற்குக் கட்டடம்
ஜனவரி 12

செல்வி ஹெஸ்டர் பிர்கெட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கார்லைல் வரை போய் நான்கு நாள் சுற்றிவிட்டு இன்று வந்து சேர்ந்தது. அதைத் தாங்கள் தபால்பெட்டியில் போட்டதை என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். முற்றம் இருபது அடி. ஆனாலும் "எதுவானாலும் எழுத்துல வச்சுக்குங்க" என்று நான்கு வருஷத்துக்கு முன் வக்கீல் சொன்னதைத் தாங்கள் வேதமாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் மீற முடியுமா? டோரீனிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், "நான் ஃபோன் எடுக்கத்தான் வேலைக்கு வந்தேன், உங்க ரெண்டு பேருக்கும் தூது போக இல்ல" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். வரவேற்பு மேஜையில் இருப்பவளுக்கு இருக்கிற தைரியம் இயக்குநர்களுக்கு இல்லை.

தோள் விஷயம் வருத்தமானது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

நெரேயா வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் "மூத்தவர்" என்ற சொல்லை ஏற்க முடியாது. தாங்கள் அதே வீட்டில் எனக்கு மூன்று வருஷம் முன்னால் பிறந்தவர், அவ்வளவுதான். பங்கு ஆளுக்குப் பாதி. வருகிற நோயாளிகளின் தலையை எண்ணினால், நாயும் பூனையும் வரும் என் பக்கம் நாலு மடங்கு. வெள்ளெலியைக் கணக்கில் சேர்க்காமலே சொல்கிறேன். ஆகவே பொறுப்பு அதிகாரி நான்தான்.

ரால்ஃப் பிர்கெட்

பி.கு.: ஜனவரி 3, காலை 10.15 முதல் 11.40 வரை தங்கள் டிரெய்லர் என் வாசலை மறித்து நின்றது. உள்ளே ஒரு கிடா இருந்தது. அது என் நோயாளிகளைப் பார்த்த பார்வை சரியில்லை.


கிழக்குக் கட்டடம்
ஜனவரி 15

திரு. ரால்ஃப் பிர்கெட் அவர்களுக்கு,

வெந்நீர் ஒத்தடம் உங்களிடம் கேட்கவில்லை.

நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்று ஒரு வரைபடமும் கொடுக்க வேண்டுமாம். வரைந்து இணைத்திருக்கிறேன். மேலே இருக்கும் கட்டம் நான். அதன் கீழே நெரேயா. பக்கத்தில், சற்றுத் தள்ளி, நீங்கள். உங்களுக்குக் கீழே டோரீனைப் போட்டேன். அவள் பார்த்துவிட்டு, "நான் யாருக்கும் கீழ இல்ல, ஹாலுல இருக்கேன்" என்றாள். அவளுக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டேன்.

பொறுப்பு அதிகாரியாக நீங்கள் ஏன் முடியாது என்று நானாகச் சொல்ல விரும்பவில்லை. நீங்களே இழுப்பதால் சொல்கிறேன். அது நிதானம் உள்ளவர் செய்கிற வேலை. பதினான்கு வருஷம் என் காலடியில் கிடந்த நாயை, நான் பண்ணையிலிருந்து வருவதற்குள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஊசி போட்டு முடித்தவர் நீங்கள். இருபது நிமிஷம் காத்திருந்தால் பிராக்கன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். காத்திருக்கத் தெரியாதவரிடம் அமைச்சகத்தின் பொறுப்பைக் கொடுக்க முடியாது.

ஹெஸ்டர் பிர்கெட்


மேற்குக் கட்டடம்
ஜனவரி 19

செல்வி ஹெஸ்டர் பிர்கெட் அவர்களுக்கு,

பிராக்கனைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அன்று நடந்தது தங்களுக்கும் தெரியும். தெரிந்தும், அன்று லீவில் இருந்த டோரீனின் காலி நாற்காலிக்கும் மூன்று நாய்க்காரர்களுக்கும் முன்னால் என்னைக் கசாப்புக்காரன் என்றீர்கள். அதோடு அது முடிந்தது.

வரைபடத்தை அளவுகோல் வைத்து அளந்தேன். என் கட்டம் தங்கள் கட்டத்தைவிட நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. திருத்தி அனுப்பியிருக்கிறேன். நெரேயாவுக்கு இரண்டு கட்டத்திலிருந்தும் கோடு வருகிறது. பார்க்க இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பது போல இருக்கிறது. உண்மையும் அதுதானே.

நிற்க. அமைச்சகத்தின் வழிகாட்டி நூலை முழுவதும் படித்தேன். தாங்கள் படித்திருக்க மாட்டீர்கள். பதிவுகள் இல்லாவிட்டால் யார் பொறுப்பு? பொறுப்பு அதிகாரி. ஊழியர் வராததைச் சொல்லாமல் விட்டால்? பொறுப்பு அதிகாரி. யாராவது பொய்த் தகவல் கொடுத்தால்? அதற்கும் அவரே. விளக்கை அணைக்காமல் போனால் மட்டும்தான் எழுதவில்லை.

இரண்டு நாள் யோசித்ததில், வயதில் மூத்தவரும் அனுபவத்தில் பெரியவருமான தங்களுக்கே இந்தப் பதவி பொருந்தும் என்ற முடிவுக்கு மனப்பூர்வமாக வந்திருக்கிறேன். சம்மதக் கையெழுத்து இணைப்பில்.

ரால்ஃப் பிர்கெட்


கிழக்குக் கட்டடம்
ஜனவரி 25, வியாழன்

திரு. ரால்ஃப் பிர்கெட் அவர்களுக்கு,

உங்கள் மனப்பூர்வத்தை நான் அறிவேன்.

விண்ணப்பத்தை இன்று காலை கணினியில் அனுப்பிவிட்டேன். டோரீன் பக்கத்தில் நின்றாள். "எல்லாத்தையும் ஒரு தடவ படிச்சிட்டு அமுக்குங்க" என்றாள். நான் அமுக்கிவிட்டுப் படித்தேன். சான்றிதழ்களை ஐந்து வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் விண்ணப்பம் செல்லாது. அடுத்த வியாழன், பிப்ரவரி 1, கடைசி நாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தால் மார்ச் 15 தாண்டிவிடும், நெரேயா அயர்லாந்துக்குப் போய்விடுவாள்.

கட்டடப் பத்திரமும் வங்கிக் கடிதமும் என்னிடம் இருக்கின்றன. ஊழியர் காப்பீட்டுச் சான்றிதழும் வரிப் பதிவுச் சான்றிதழும் உங்கள் அலமாரியில். உடனே அனுப்பவும். மிக அவசரம்.

ஹெஸ்டர் பிர்கெட்


மேற்குக் கட்டடம்
ஜனவரி 30, செவ்வாய்

செல்வி ஹெஸ்டர் பிர்கெட் அவர்களுக்கு,

"மிக அவசரம்" என்று எழுதிய கடிதத்துக்கு, மெதுவாகப் போகும் இரண்டாம் வகுப்புத் தபால்தலை ஒட்டிய ஒரே ஆள் தாங்களாகத்தான் இருக்கும். நேற்று மதியம்தான் வந்தது.

வரிச் சான்றிதழ் உடனே கிடைத்தது. காப்பீட்டுச் சான்றிதழை நேற்று மாலையிலிருந்து தேடிக் கடைசியில் பூனைப் படக் காலண்டருக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். சட்டப்படி அதை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். மாட்டித்தான் இருந்தது, காலண்டர் மேலே வந்துவிட்டது.

நிலைமையை உத்தேசித்து இதற்கு முதல் வகுப்புத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். இதைத் தாங்கள் சமாதான முயற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரால்ஃப் பிர்கெட்


கிழக்குக் கட்டடம்
பிப்ரவரி 12

திரு. ரால்ஃப் பிர்கெட் அவர்களுக்கு,

உங்கள் உறை புதன்கிழமை வரவில்லை. வியாழன் காலை நான் ஜன்னலில் நின்றேன். நீங்களும் எதிர் ஜன்னலில் நின்றீர்கள், கையில் தேநீர்க் கோப்பையோடு. பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 11.40க்குத் தபால்காரர் வந்தார். உங்களுக்கு ஒரு பூச்சி மருந்து விளம்பரம், எனக்கு உங்கள் உறை. டோரீன் ஸ்கேன் செய்து அனுப்பி முடித்தபோது மணி 3.50. பிறகு அவள் முற்றத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு கத்தியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "இருபது அடி நடக்க உங்க ரெண்டு பேருக்கும் கால் இல்லையா? ஆட்டுக்கு நாலு கால் இருக்கு, அது நடக்குது!" நான் ஜன்னலை மூடினேன். நீங்களும் மூடினீர்கள்.

இப்போது கேளுங்கள். அமைச்சகத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வருகிறார். பெயர் பிரெண்டிஸ். பிப்ரவரி 20, செவ்வாய், காலை பத்து மணி. நம் இருவரையும் தனித்தனியே விசாரிப்பாராம். ஊழியர்கள் வருவதையும் வராததையும் எப்படிப் பதிவு செய்கிறோம் என்று பார்ப்பாராம். நம்மிடம் எந்தப் பதிவும் இல்லை. டோரீன் வராவிட்டால் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், அதுதான் பதிவு. உங்கள் நோயாளிகள் நாட்குறிப்பையாவது மேஜைமேல் வையுங்கள். நான்கைந்து வருஷத்துக்கானது இருந்தால் நல்லது.

இன்னொன்று. இயக்குநர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்தால் யார் உரிமம் கொடுப்பார்கள்? அவர் முன்னால் ஒருமுறை "குட் மார்னிங்" சொல்வது அவசியம். நான் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். வருகிறது.

ஹெஸ்டர் பிர்கெட்


மேற்குக் கட்டடம்
பிப்ரவரி 16

செல்வி ஹெஸ்டர் பிர்கெட் அவர்களுக்கு,

குட் மார்னிங்குக்குச் சம்மதம். நிபந்தனைகள்: யார் முதலில் சொல்வது என்ற தகராறு வராமல் இருக்க, டோரீன் இருமியதும் இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு அவரவர் விருப்பம்.

நாட்குறிப்புகளை வைக்கிறேன். ஐந்து தொகுதி. அவை அதிகாரிக்கு மட்டும். தாங்கள் புரட்டிப் பார்க்கக் கூடாது.

ரால்ஃப் பிர்கெட்


கிழக்குக் கட்டடம்
பிப்ரவரி 21

திரு. ரால்ஃப் பிர்கெட் அவர்களுக்கு,

நேற்று என் அறையில் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் அறையில் நடந்ததை நீங்கள் எழுதவும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 

அந்த மனிதர் முதலில் உங்கள் மணியை அடித்தாராம். "பெரிய விலங்கா, சின்ன விலங்கா?" என்றீர்களாம். "நான் அமைச்சகம்" என்றாராம். "அப்போ எதிர்க் கதவு" என்று அனுப்பிவிட்டீர்கள். நான், பதிவுகளெல்லாம் அந்தப் பக்கம் என்று திருப்பி அனுப்பினேன். கொட்டுகிற மழையில் மூன்று முறை முற்றத்தைத் தாண்டினார், காலில் நகரத்து ஷூ. நாம் இருவரும் சேர்ந்து நான்கு வருஷத்தில் தாண்டியதைவிட அதிகம்.

குட் மார்னிங்கைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. டோரீனுக்கு உண்மையிலேயே சளி பிடித்திருந்தது. அவள் இருமிய ஐந்து தடவையும் நாம் ஐந்து குட் மார்னிங் சொன்னது அதிகம்.

பிறகு என் அறையில் கேட்டார். "சக இயக்குநரோட எவ்வளவு அடிக்கடி பேசுவீங்க மேடம்?"

"தினமும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி. ஊழியர் ஒருத்தர் நேரத்துக்கு வரலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

 குறிப்பெடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோரீன் எழுந்து போய், நம் கடிதங்களும் குறிப்புகளும் போட்டு வைத்திருந்த என் அலமாரி பிஸ்கட் டின் இரண்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நாலு வருஷத்துது. தேதி வாரியா இருக்கு. எதிர்ப்பக்கத்துல இதே மாதிரி மூணு டின் இருக்கு. இந்த ரெண்டு பேருக்கும் தெரியாம இங்க ஒரு எலி லேட்டா வர முடியாது" என்றாள்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்தார். "நவம்பர் 14, 2022. ரால்ஃப் வந்தது 8.47. காரணம் சொல்லவில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்." அடுத்தது: "மே 2, 2023. ஹெஸ்டர் மதிய உணவு 1.10 முதல் 2.35 வரை. கையில் கேக்கோடு திரும்பினார். டோரீனுக்குக் கொடுத்தார், எனக்கு இல்லை." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பதினோரு வருஷமா இந்த வேலைல இருக்கேன் மேடம். இவ்வளவு துல்லியமான வருகைப் பதிவை நான் எந்தக் கம்பெனிலயும் பாத்ததில்ல."

பாராட்டா, கிண்டலா என்று தெரியவில்லை. தினமும் பேசுகிறவர்கள் எதற்காகத் தபால்தலை ஒட்டி எழுதிக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

ஹெஸ்டர் பிர்கெட்


மேற்குக் கட்டடம்
பிப்ரவரி 21

செல்வி ஹெஸ்டர் பிர்கெட் அவர்களுக்கு,

தாங்கள் எழுதுவதற்கு முன்னதாகவே நான் எழுதிவிடுவது நல்லது. என் அறையில் அவர் கேட்ட முதல் கேள்வி, சக இயக்குநரோடு எவ்வளவு அடிக்கடி பேசுவீர்கள் என்பது. "நாலு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

கோபப்பட வேண்டாம். பொய் சொன்னால் அடி பொறுப்பு அதிகாரிக்கு என்று நூலில் படித்தவன் நான். அது தாங்கள். தாங்களும் உண்மையைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

எதனால் என்று கேட்டார். "ஒரு நாய்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "எங்க வீட்ல ஒரு சாப்பாட்டு மேஜை. அண்ணன்கூட பேசி ஏழு வருஷமாச்சு" என்றார்.  பிறகு, அந்த நாய் விஷயம் என்றைக்கு நடந்தது என்று கேட்டார். அக்டோபர் 9, 2019 என்றேன். அந்த வருஷத்து நாட்குறிப்பை எடுத்து நகல் எடுக்கப் போய்விட்டார். எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ரால்ஃப் பிர்கெட்


கிழக்குக் கட்டடம்
மார்ச் 1, வெள்ளி

ரால்ஃப்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. உங்களுடையதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அமைச்சகத்திலிருந்து உறை வந்துவிட்டது. ஒரு இயக்குநர் தினமும் பேசுவதாகச் சொல்கிறார், மற்றவர் நான்கு வருஷமாகப் பேசவில்லை என்கிறார், ஐந்து வேலை நாளுக்குள் விளக்கம் தேவை என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே, அவர் பார்த்த பதிவுகளின் நகல்கள். என் கடிதங்கள் சில, உங்கள் கடிதங்கள் சில, உங்கள் நாட்குறிப்பிலிருந்து ஒரே ஒரு பக்கம்.

புரட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். நான் புரட்டவில்லை. அதுவாக என் கைக்கு வந்தது. உங்கள் வார்த்தைகளிலேயே எழுதுகிறேன்.

"3.40. பிராக்கன் முற்றத்தில் விழுந்து கிடந்தது. தூக்கி வந்தேன். வயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறது. வயது 14, அறுவைக்குத் தாங்காது. வலிக்கு மருந்து கொடுத்தேன். 3.45 ஹெஸ்டருக்கு ஃபோன். 3.52 ஃபோன். 3.59 ஃபோன்."

இப்படியே போகிறது. எண்ணினேன். பதினோரு தடவை. "4.50. மருந்து கேட்கவில்லை. கத்துகிறது. 4.55 ஃபோன். 5.00. இனிமேல் வைத்திருப்பது பாவம். முடித்தேன். தலை என் மடியில். 5.20 ஹெஸ்டர் வந்தாள்." அதற்குக் கீழே மூன்று பெயர்கள், மூன்றும் அடிக்கப்பட்டிருக்கின்றன. அன்று மாலை நீ வேறு யாரையும் பார்க்கவில்லை.

ரால்ஃப், என் ஃபோன் அன்று காலையிலேயே பண்ணைச் சாணத் தொட்டியில் விழுந்துவிட்டது. அடுத்த வாரம்தான் புதியது வாங்கினேன். நீ கூப்பிட்டது எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூடத் தெரியாது. நான்கு வருஷமாக, நீ கூப்பிடவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வருகையை நிமிஷம் நிமிஷமாகக் குறித்து வைத்த எனக்கு, அந்த ஒரு மணி இருபது நிமிஷத்தைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

உன்னைக் கசாப்புக்காரன் என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அமைச்சகத்துக்கு இன்று அனுப்பிய விளக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். சுருக்கமானது. "தினமும் பேசுகிறோம் என்று நான் சொன்னது பொய். என் தம்பி சொன்னதே உண்மை. அவர் எழுதி வைத்திருக்கும் பதிவுகள் எல்லாம் சரியானவை, 9.10.2019 தேதியிட்ட பக்கம் உட்பட. தவறு பொறுப்பு அதிகாரியுடையது." கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உரிமம் போனால் போகட்டும். நெரேயாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஹெஸ்டர்


மேற்குக் கட்டடம்
மார்ச் 4

அக்கா,

சாணத் தொட்டியா?

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஃபோனில் பதினோரு அழைப்பையும் பார்த்துவிட்டுத்தான் நீ என்னை அப்படிச் சொன்னாய் என்று நினைத்தேன். அதனால்தான் நான் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. பார்த்த பிறகும் இப்படிச் சொல்கிறவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். நாலு வருஷம். ஒரு ஃபோன் தொட்டியில் விழுந்ததற்கு இரண்டு கிழங்கள் ஐந்து பிஸ்கட் டின்னை நிரப்பியிருக்கிறோம்.

பிராக்கன் கடைசி வரை கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று இத்தனை நாளும் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். சொல்லிவிட்டேன். உன் பழைய ஸ்வெட்டர் கொக்கியில் தொங்கியது. அதைப் போர்த்திவிட்டேன். நீ அதைத் தேடியதாக டோரீன் பிறகு சொன்னாள். அது நாயோடு போய்விட்டது.

விளக்கத்தின் நகலைப் படித்தேன். "என் தம்பி சொன்னதே உண்மை" என்று உன் கையெழுத்தோடு அரசாங்கத் தாளில் இருப்பதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன், காப்பீட்டுச் சான்றிதழுக்குப் பக்கத்தில், காலண்டர் மறைக்காத இடமாகப் பார்த்து. ஆனால் உரிமம் போனால் போகட்டும் என்று மட்டும் எழுதாதே. அந்தப் பழக்கூடைக்காரனுக்கு நான் விற்க மாட்டேன். நெரேயா வராவிட்டால் இந்த ஏப்ரலில் ஆட்டுக்குட்டியை நான் இழுக்கிறேன். கடைசியாக இழுத்தது 1991இல். நீ பக்கத்தில் நின்று திட்டினால் போதும்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். கதவு வரை வந்தேன். கால் நின்றுவிட்டது.

ரால்ஃப்


கிழக்குக் கட்டடம்
மார்ச் 12, செவ்வாய்

ரால்ஃப்,

கிடைத்துவிட்டது. உரிமம் கிடைத்துவிட்டது. இன்று காலை 9.06க்கு மின்னஞ்சல் வந்தது. டோரீன் கத்தியதில் வெளியே கட்டியிருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு பிரதான சாலைக்குப் போய்விட்டது.

முதல் தரம் கொடுத்திருக்கிறார்கள். "பதிவு முறை வழக்கத்துக்கு மாறானது, எனினும் போதுமானதைவிட அதிகம்" என்று ஒரு வரி. கீழே பிரெண்டிஸ் பேனாவால், "அந்த மேஜை விஷயமாக அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன்" என்று தனியே எழுதி ஸ்கேன் செய்திருக்கிறார். இதை எந்தக் கோப்பில் வைப்பது என்று டோரீன் கேட்கிறாள்.

நெரேயாவுக்குச் சொல்லிவிட்டேன். அயர்லாந்துக்கு மாட்டேன் என்று பதில் போட்டுவிட்டாள். விசா சீக்கிரம் வந்தால் ஏப்ரல் பாதிக்குள் இங்கே இருப்பாள். "ரால்ஃப் எப்படி இருக்கார்? இன்னமும் ரெண்டு பேரும் நாலு மணிக்குச் சேர்ந்துதான் டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்பாள், நானும் ஆமாம் என்பேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு பொய் என்றால் உரிமத்துக்கு நல்லதில்லை.

இன்னொரு சங்கடம். நிறுவனத்தில் ஏதாவது மாற்றம் நடந்தால் இருபது வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். இயக்குநர்கள் பேச ஆரம்பித்தால் அது மாற்றமா? வழிகாட்டி நூலைப் படித்தவன் நீதான், நீயே சொல்.

இதற்கு முதல் வகுப்புத் தபால்தலை ஒட்டுகிறேன். நாளைக்கு வந்துவிடும். நாலு மணிக்குக் கெட்டில் போடுவேன். கேக் இருக்கிறது. இந்தத் தடவை உனக்கும் சேர்த்து.

அக்கா


மேற்குக் கட்டடம் என்று எழுத முடியாது, உன் வாசல்
மார்ச் 13, மாலை 3.52

அக்கா,

தபால்தலை ஒட்டவில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

நூலைப் பார்த்துவிட்டேன். இதைத் தெரிவிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொள், எட்டு நிமிஷம் முன்னாலேயே வந்திருக்கிறேன். கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு மெதுவாகவே வா. மழைதான், பரவாயில்லை.

நீ கதவைத் திறக்கும்வரை காத்திருப்பேன்.

ரால்ஃப்